சோலார் வாட்டர் ஹீட்டர்: தண்ணி சூடாகலையா, சூடு நிக்கலையா?

சாயங்காலம் கைய வெச்சா சுடுது, காலைல ஆறு மணிக்கு வெதுவெதுன்னு கூட வரல. கோயம்புத்தூர்ல சோலார் வாட்டர் ஹீட்டர் வெச்சிருக்கறவங்க பாதிப் பேர் வீட்ல இந்தப் புலம்பல் இருக்கும். எங்க வீட்லயும் ஒரு வருஷமா இதே கதை தான், அப்பா மட்டும் "அது எட்டு வருஷம் உழைச்சிருச்சுடா, விடு" னு பக்கெட்ல ஹீட்டர் ராடு போட்டுக்கிட்டு இருந்தாரு. பார்க்க வந்த மெக்கானிக் தம்பி மேல ஏறி ஒரே ஒரு ட்யூபை மட்டும் கழட்டிப் பாத்துட்டு "உப்பு ஏறிருச்சுங்ணா, 15 ட்யூபையும் மொத்தமா மாத்தீரலாங்க, இல்லைன்னா புது சிஸ்டமே போட்டுக்கலாங்க" னு சொல்லிட்டு ஒரு ரேட்டும் சொன்னாரு. உப்பு ஏறிருந்தது உண்மை தான், அவரு பொய் சொல்லல. ஆனா உப்பு ஏறினா பகல்ல சூடாகறது குறையணும், ராத்திரி சூடு இறங்கறதுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியல. அதனால எதையும் வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாத்துடலாம்னு ஆரம்பிச்சது தான் இந்த வேலை.

சிஸ்டம் என்னன்னு முதல்ல சொல்லிடறேன். வேக்யூம் ட்யூப் வகை, 15 ட்யூப், ஒவ்வொண்ணும் 58 மில்லிமீட்டர் விட்டம், 1800 மில்லிமீட்டர் நீளம். மேல படுக்க வெச்ச ஸ்டீல் டேங்க், அதைச் சுத்தி சூடு வெளிய போகாம இருக்க பஃப் ஃபோம் (பாலியூரித்தேன் நுரை), அதுக்கு மேல பெயிண்ட் அடிச்ச தகடு. 150 லிட்டர்னு போட்டிருக்கும், எங்களோடதுல ட்யூப்புக்குள்ள இருக்கற தண்ணியையும் சேர்த்தா தான் 150 வருது, ஒரு ட்யூப்ல மட்டும் 2.7 லிட்டர் கிட்ட நிக்கும். மோட்டார் பம்ப் எதுவும் கிடையாது. ட்யூப்புல சூடான தண்ணி லேசாகி மேல டேங்குக்குப் போகும், கனமான பச்சைத் தண்ணி கீழ இறங்கும், அவ்ளோ தான் மெஷினே.

அளக்கறதுக்கு ரெண்டு டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், ஸ்டீல் மூடி போட்டது, அதைப் படிக்க இஎஸ்பி8266னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு. சென்சாரை ஏர் வென்ட் பைப் (டேங்க் தலைல காத்தும் ஆவியும் போக வெச்ச பைப்) வழியா டேங்குக்குள்ள இறக்கினேன், ஒண்ணு மேல் மட்டத்துல நிக்கற மாதிரி, இன்னொண்ணு அடி வரைக்கும். ஒரே ஒரு சென்சார் வெச்சா கணக்கு தப்பிடும், ஏன்னா டேங்குக்குள்ள சூடான தண்ணி மேலயும் ஆறினது கீழயும் அடுக்கு அடுக்கா நிக்கும், மேல 58 காட்டும்போது அடில 50 இருக்கும். ரெண்டோட சராசரிய எடுத்துக்கிட்டேன். சென்சார் ஒயர் சிலிக்கான் ஒயரா பாத்து வாங்குங்க, சாதா பிவிசி ஒயர் இந்தச் சூட்டுல கொழகொழன்னு ஆயிடும். சென்சார் அரை டிகிரி முன்ன பின்ன காட்டும், இந்த வேலைக்கு அது போதும்.

மார்ச் கடைசில, வீட்ல எல்லாரும் காலைல குளிச்சு முடிச்சு டேங்க் முழுக்க பச்சைத் தண்ணியா மாறுன நாளா பாத்து, அதுக்கப்புறம் மறுநாள் காலை வரைக்கும் யாரும் ஹாட் வாட்டர் பைப்பைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன் (இது தான் மொத்த ப்ராஜெக்ட்லயே கஷ்டமான வேலை, சமையல்கட்டு சிங்க்ல யாராவது திறந்துடுவாங்க). காலைல 28 டிகிரி. சாயங்காலம் ஆறு மணிக்கு 54. மறுநாள் காலைல ஆறு மணிக்கு 44 அரை.

இந்த மூணு நம்பர் போதும், வியாதி ரெண்டா பிரிஞ்சிடும். 150 லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த கிட்டத்தட்ட 628 கிலோஜூல் வேணும், கரண்ட் கணக்குல சொன்னா 0.174 யூனிட். பகல்ல 26 டிகிரி ஏறிருக்கு, அப்படின்னா நாலரை யூனிட் பிடிச்சிருக்கு. மார்ச்ல கோவைல ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 6 யூனிட் கிட்ட வெயில் விழும், 15 ட்யூப்போட கறுப்புப் பரப்பை நேரா பாத்தா 1.2 சதுர மீட்டர், ஆக விழறது 7 யூனிட் சொச்சம். அதுல நாலரைங்கறது ரொம்ப மோசம் இல்லை, கொஞ்சம் கம்மி. ஆனா ராத்திரி 12 மணி நேரத்துல ஒன்பதரை டிகிரி போயிருக்கு, அதை வாட் கணக்குல போட்டா 138 வாட். ராத்திரி பூரா ரெண்டு மூணு சீலிங் ஃபேன் ஓடற அளவு சூடு சும்மா காத்துல கரைஞ்சு போகுது. வெளிய சராசரி 24 டிகிரி, டேங்க் சராசரி 49 சொச்சம், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5.5 வாட் கசியுது. நல்லா இருக்கற டேங்குக்கு இது ரெண்டுல இருந்து ரெண்டரைக்குள்ள இருக்கணும்.

பகல்லயும் கொஞ்சம் இருக்கு, ஆனா பெரிய ஓட்டை ராத்திரில தான். அப்போ உப்பு?

உப்பை முதல்ல முடிச்சுடறேன், ஏன்னா எல்லாரும் அதைத் தான் குத்தம் சொல்றாங்க. எங்க வீட்ல சிறுவாணித் தண்ணி கீழ தொட்டிக்கு வரும், மாடில இருக்கற டேங்குக்கு போர் தண்ணி தான், சோலாருக்கும் அதுவே. போர் தண்ணில கரைஞ்சிருக்கற கால்சியம் பைகார்பனேட் சூடு ஏற ஏற உடைஞ்சு கால்சியம் கார்பனேட்டா படியும், கரியமில வாயு வெளிய போயிடும். சர்க்கரை மாதிரி சூட்டுல நல்லா கரையற ஜாதி இல்லை இது, சூடானா தான் கரையாது. அதனால எங்க சூடு அதிகமோ அங்கயே போய் படியும், அதாவது ட்யூப் உள் சுவர்ல. சரி, 2 மில்லிமீட்டர் படிஞ்சிருக்குன்னு வெச்சுக்கங்க. நல்ல உச்சி வெயில்ல ட்யூப் சுவர் வழியா போற வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 700 வாட் தான். இந்தப் படிவோட வெப்பக் கடத்துதிறன் மீட்டர் டிகிரிக்கு 1 வாட்னு ரொம்ப மோசமாவே எடுத்தாலும், அந்த 2 மில்லிமீட்டரைத் தாண்ட 1.4 டிகிரி வித்தியாசம் போதும். ட்யூப் கண்ணாடியே கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தான் கடத்தும், அதை யாரும் குறை சொல்றதில்லையே. உப்பு பயங்கரமா தொல்லை பண்றது கரண்ட் ஹீட்டர்ல தான். 2 கிலோவாட் காயிலோட மேல் பரப்பு ரொம்ப சின்னது, 0.025 சதுர மீட்டர் அளவு, அதனால அங்க ஒரு சதுர மீட்டருக்கு 80,000 வாட் போகுது. அங்க ஒரே ஒரு மில்லிமீட்டர் படிஞ்சா காயில் 80 டிகிரி கூடுதலா சூடாகணும், வெடிச்சிடும். அதே உப்பு தான், ஆனா பாயற வெப்பத்தோட அடர்த்தி நூறு மடங்கு வித்தியாசம். கீசர்ல பாத்த அனுபவத்தை அப்படியே தூக்கி சோலார் மேல வெச்சு பேசறாங்க.

ஆனா உப்பு வேற ஒரு வழில தொல்லை குடுக்கும். சுவர்ல ஒட்டினது செதில் செதிலா உரிஞ்சு ட்யூப்போட அடில போய் குவியும். எங்க ட்யூப்களைக் கழட்டி கவுத்தப்போ பல ட்யூப்ல ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளை மணல் மாதிரி கொட்டுச்சு. அந்த ஒரு சாணுக்குள்ள தண்ணி ஓட முடியாது, சுத்த முடியாது, அங்க விழற வெயில் மேல போய் சேராது. 1800ல 200 போனா ஒன்பதுல ஒரு பங்கு வீண். அது பகல் நஷ்டத்துல வந்துடும்.

கழட்டறதைப் பத்தி ஒரு எச்சரிக்கை. விடியறதுக்கு முன்னாடி மேல ஏறி, எல்லா ட்யூப்பையும் சாக்கு போட்டு மூடிட்டு ஆரம்பிங்க. தண்ணி இல்லாத ட்யூப் வெயில்ல இருந்தா உள்ள 200 டிகிரிக்கு மேல ஏறிடும். போரோசிலிகேட் கண்ணாடி தான், அதோட விரிவடையற அளவு ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்துல 3.3 பங்கு, சாதா ஜன்னல் கண்ணாடில அது 9 கிட்ட வரும், அதனால தான் சூடு தாங்குது. ஆனாலும் 200 டிகிரில இருக்கற ட்யூப்ல பச்சைத் தண்ணி பட்டா அதுவும் போயிடும். திரும்ப மாட்டும்போது வாய்ல சோப்புத் தண்ணி தடவி, திருகிக்கிட்டே மேல டேங்குக்குள்ள தள்ளி, அப்புறம் கீழ கிண்ணத்துல இறக்கணும், நேரா அழுத்தினா சிலிக்கான் ரிங் மடிஞ்சு போயிடும்.

சுத்தம் பண்ணதுக்கு எலுமிச்சை உப்பு, அதாங்க சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடைல கிடைக்கறது. லேசா கரைச்சு ட்யூப்ல ஊத்தி ஊற விட்டேன், நுரைச்சு வரும், நுரை அடங்கினா கொட்டிட்டு புதுசா ஊத்தணும். கெட்டியா கரைச்சா சீக்கிரம் முடியும்னு நினைக்காதீங்க, கால்சியம் சிட்ரேட் ஒரு அளவுக்கு மேல கரையாது, மாவு மாதிரி திரும்ப அடில உக்காந்துக்கும். பாத்ரூம் கழுவற ஆசிட்டை டேங்குக்குள்ள மட்டும் தயவு செஞ்சு ஊத்தாதீங்க. அது ஹைட்ரோகுளோரிக், அதுல இருக்கற குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல இருக்கற குரோமியம் ஆக்சைடு தோலைத் துளைச்சு ஊசி ஓட்டை போடும், வெல்டிங் ஓரத்துல ஆரம்பிக்கும்.

இப்போ வேக்யூம். இந்த ட்யூப் ஒவ்வொண்ணும் ஒரு நீளமான ஃபிளாஸ்க் தான், விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் 1892ல லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல திரவ வாயுக்களை வெக்கறதுக்காக பண்ண அதே ரெட்டைக் கண்ணாடி. இதுல உள் கண்ணாடி மேல கறுப்பா ஒரு பூச்சு இருக்கும், அலுமினியம் நைட்ரைடு அடுக்கு, சீனால சிங்ஹுவா பல்கலைக்கழகத்துல யின் ஜிச்சியாங்ங்கற விஞ்ஞானி 1980கள்ல பண்ணது, இந்த ட்யூப் இவ்ளோ மலிவா உலகம் பூரா போனதுக்கு அந்தப் பூச்சு ஒரு முக்கிய காரணம். வெயில் ஒளிய 92 சதவீதத்துக்கு மேல உறிஞ்சிக்கும், ஆனா சூடானதுக்கப்புறம் அகச்சிவப்பா திருப்பி விடறது சாதா கறுப்பு பெயிண்ட் விடறதுல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. 55 டிகிரில இருக்கற ட்யூப்புக்கு கணக்கு போட்டா, வேக்யூம் சரியா இருந்தா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு அரை வாட் தான் கதிர்வீச்சுல போகும். வேக்யூம் போயிட்டா அந்த 4 மில்லிமீட்டர் இடைவெளில காத்து வந்துடும், காத்து மட்டுமே 7 வாட் கிட்ட கடத்தும். பதினாலு மடங்கு.

இதுல ஒரு விஷயம் எனக்கு எப்பவுமே ஆச்சரியம். பாதி காத்து உள்ள போனா பாதி தானே கெடும்னு தோணும். அப்படி இல்லை. ஒரு வாயு எவ்ளோ வெப்பம் கடத்தும்ங்கறது அதோட அழுத்தத்தை சார்ந்ததே இல்லை. அழுத்தம் பாதி ஆனா மூலக்கூறு பாதி ஆகுது, ஆனா ஒவ்வொண்ணும் மோதாம ரெண்டு மடங்கு தூரம் ஓடுது, ரெண்டும் சரியா போயிடும். ஓடற தூரம் அந்த 4 மில்லிமீட்டரைத் தாண்டினா தான் கடத்தல் குறையவே ஆரம்பிக்கும், சாதாரண காத்துல அந்தத் தூரம் 0.07 மைக்ரான். அதாவது ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல காத்தை உறிஞ்சி எடுத்தா தான் ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்கா வேலை செய்ய ஆரம்பிக்கும். அதனால "கொஞ்சமா வேக்யூம் போன ட்யூப்" னு ஒண்ணு நடைமுறைல கிடையாது.

கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம். ட்யூப்போட அடி நுனில உள்பக்கம் பளபளன்னு கண்ணாடி மாதிரி பேரியம் படலம் இருக்கும், உள்ள மிச்சம் மீதி காத்தைப் பிடிச்சு வெக்கறதுக்கு. காத்து புகுந்துட்டா அது பேரியம் ஆக்சைடாகி பால் வெள்ளையா மாறிடும். எங்க வீட்ல மூணு ட்யூப் வெள்ளை. கழட்டாமயே தெரிஞ்சுக்கணும்னா மத்தியானம் ட்யூப்பைத் தொட்டுப் பாருங்க, உள்ள தண்ணி 55 டிகிரில இருந்தாலும் நல்ல ட்யூப்போட வெளிக் கண்ணாடி வெளிக் காத்து சூட்டை விட ரெண்டு மூணு டிகிரி தான் அதிகமா இருக்கும். ஐஆர் தெர்மாமீட்டர்ல (தொடாமயே சூட்டை அளக்கற துப்பாக்கி மாதிரி கருவி) நல்லது 33, வெள்ளையானது 41 காட்டுச்சு. கண்ணாடி அந்த அலைநீளத்துக்கு ஒளி ஊடுருவாத பொருள், அதனால துப்பாக்கி உள்ள இருக்கற கறுப்பைப் பாக்காது, வெளித் தோலைத் தான் பாக்கும், நமக்கு வேண்டியதும் அதான்.

மெக்கானிக் சொன்ன 15க்குப் பதிலா 3 ட்யூப் வாங்கினேன். ஆனா இந்த மூணு ட்யூப்பால ராத்திரி 138 வாட் போகாது. யோசிச்சுப் பாருங்க, ட்யூப் டேங்குக்குக் கீழ இருக்கு. ராத்திரி வேக்யூம் போன ட்யூப்ல தண்ணி ஆறினா அது கனமாகி அங்கயே அடில தங்கிடும், மேல இருக்கற சூடான தண்ணி கீழ வராது. தன்னோட 2.7 லிட்டரை ஆற வெச்சுட்டு, வாய் ஓரத்துல கொஞ்சம் கசிய விட்டுட்டு அது பாட்டுக்கு கம்முனு இருக்கும். ராத்திரித் திருடன் வேற.

அதுக்கு விடிகாலை அஞ்சு மணிக்கு ஐஆர் துப்பாக்கியோட மாடிக்குப் போகணும், வெயில் வந்துட்டா எல்லாம் கலந்துடும். டேங்கோட வெளித் தகட்டுல சுத்தி சுத்தி கறுப்பு இன்சுலேஷன் டேப் சின்னச் சின்ன துண்டா ஒட்டி வெச்சேன். தகடு பளபளப்பா இருந்தா துப்பாக்கி தகட்டைப் பாக்காது, அதுல பிரதிபலிக்கற வானத்தைப் பாத்துட்டு 12 டிகிரி 15 டிகிரின்னு உளறும், டேப் மேல வெச்சா சரியா காட்டும். வெளிக் காத்து 23. டேங்க் மேல் பக்கம் 24 அரை, பின்பக்கம் 25. ட்யூப் மாட்டற வரிசைக்குக் கீழ, வலது பாதி முழுக்க 31. கைல தட்டிப் பாத்தா மத்த இடம் 'டொக் டொக்' னு கேக்குது, அங்க 'பொத்' னு கேக்குது. தகட்டோட அடி மடிப்பு துரு பிடிச்சு பெயிண்ட் கொப்புளிச்சு நின்னுச்சு.

சிலிக்கான் ரிங் எட்டு வருஷத்துல கெட்டியாகி, ட்யூப்புக்கும் அதுக்கும் நடுவுல தண்ணி சொட்டு சொட்டா கசிஞ்சு, வெளிய சொட்டாம உள்ள பஃபுக்குள்ள இறங்கிருக்கு. அதனால தான் தரைல ஒரு சொட்டு ஈரம் கூட நாங்க பாத்ததில்லை. காய்ஞ்ச பஃப்போட கடத்துதிறன் 0.025, கிட்டத்தட்ட காத்து அளவு. தண்ணியோடது 0.6. பஃப்ல செல் எல்லாம் மூடி இருக்கறதால சட்டுனு குடிக்காது, ஆனா சூடான தண்ணி வருஷக்கணக்கா மேல நின்னா குடிச்சிடும், அதுக்கப்புறம் அது நனைஞ்ச ஸ்வெட்டர் தான். துரு பிடிச்ச தகட்டை ஒரு பட்டையா கட்டர் வெச்சு வெட்டி எடுத்தேன், உள்ள ஃபோம் பழுப்பு கலர்ல, பிழிஞ்சா தண்ணி வருது, ஒரு புளிச்ச வாடை. காய்ஞ்ச பகுதி வரைக்கும் கரண்டியால சுரண்டி எடுத்தேன், ரெண்டு முழு பக்கெட் வந்துச்சு.

அந்த இடத்தை உடனே நிரப்பக் கூடாது. ரெண்டு பாட்டில்ல வர்ற பஃப் திரவத்துல ஒண்ணு ஐசோசயனேட், அதுக்கு தண்ணிய கண்டா ஆகாது, அதோட வினை புரிஞ்சு கரியமில வாயு விட்டு பெரிய பெரிய ஓட்டையா நுரைச்சு நொறுங்கிப் போயிடும். டேங்கைக் காலி பண்ணி, ட்யூப் எல்லாம் கழட்டின நிலைல, ஏப்ரல் வெயில்ல நல்லா காய விட்டேன், உள் டேங்கோட ஸ்டீல் தோல்ல வேற எங்கயாவது கசிவு இருக்கான்னும் பாத்துக்கிட்டேன். அந்தச் சமயத்துல வீட்ல கேட்ட பேச்சை இங்க எழுத வேண்டாம். அப்புறம் ரெண்டு திரவத்தையும் சமமா எடை போட்டு, குச்சி வெச்சு வேகமா கலக்கினா அரை நிமிஷத்துக்குள்ள கலர் வெளுத்து பொங்க ஆரம்பிக்கும். க்ளவுஸ், மாஸ்க், கண்ணாடி மூணும் கட்டாயம், ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, மொட்டை மாடியா இருக்கறதால காத்தோட்டம் பிரச்சினை இல்லை. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், ஒரே தடவைல ஊத்தினா பொங்கற அழுத்தத்துல தகடு வயிறு வீங்கிடும். கெட்டியானதும் மிச்சத்தை ரம்பத்தால சீவிட்டு, கலர் கோட்டட் தகட்டுத் துண்டை ரிவெட் அடிச்சு, ஓரத்துல சீலண்ட். எல்லாத்துக்கும் கீழ தகட்டுல நாலு சின்ன ஓட்டை போட்டு விட்டேன், நாளைக்கு ரிங் கசிஞ்சா தண்ணி தரைல சொட்டித் தெரியணும்.

கணக்குப்படி பாத்தா நனைஞ்ச பகுதி அரை சதுர மீட்டருக்கு மேல, அதோட பங்கு ஒரு டிகிரிக்கு ஒன்றரை வாட் வருது. ஆனா நல்ல டேங்கை விட கூடுதலா கசியறது மூணு வாட். மிச்சம் ஒன்றரை எங்க?

ஏர் வென்ட் பைப்! டேங்க் தலைல இருந்து நேரா மேல போற முக்கால் இன்ச் ஜிஐ பைப், இன்சுலேஷன் எதுவும் இல்லாம மொட்டையா நிக்குது. உள்ள காலியா தான் இருக்கும்னு நினைச்சுக்குவோம், ஆனா அதுல தண்ணி ஓவர்ஹெட் டேங்க் மட்டம் வரைக்கும் நிக்கும், எங்க வீட்ல ஒரு மீட்டர் உயரம். டேங்கோட உச்சில இருக்கற ரொம்பச் சூடான தண்ணி அந்தப் பைப்ல ஏறுது, பைப் சுவர்ல ஆறுது, கனமாகி அதே பைப் வழியா கீழ இறங்குது, அந்த இடத்துக்கு சூடான தண்ணி மேல போகுது. ராத்திரி பூரா ஒரே பைப்புக்குள்ள ரெண்டு வழிப் போக்குவரத்து. பைப்போட வெளிப் பரப்பு 0.085 சதுர மீட்டர், காத்துல 10 வாட் மேனிக்கு போட்டா ஒரு டிகிரிக்கு 0.85 வாட், மிச்சம் இருந்த ஒன்றரைல பாதிக்கு மேல. பைப்பைத் தொட்டா விடிகாலைலயும் முட்டி உயரத்துக்கு மேல சூடா இருந்துச்சு. ஆனா பக்கத்துலயே கீழ இறங்கற ஹாட் வாட்டர் பைப், அதுவும் மொட்டை தான், ஒரு அடி தாண்டினதும் ஜில்லுனு இருக்கு. கீழ இறங்கற பைப்ல சூடு மேல, குளிர் கீழன்னு அமைதியா நின்னுடும், சுத்தாது. சூடான பொருள்ல இருந்து மேல போற பைப் தான் எதிரி. இதைப் பாத்ததுக்கப்புறம் அடுத்தவங்க வீட்டு மாடியப் பாக்கும்போதெல்லாம் கண்ணு வென்ட் பைப்புக்குத் தான் போகுது, முக்காவாசி மொட்டை.

இதுக்கு நைட்ரைல் ரப்பர் ஃபோம் குழாய் மாட்டி, மேல அலுமினிய டேப் இறுக்கமா சுத்தினேன். டேப் அழகுக்கு இல்லை, சுத்தலைன்னா வெயில்ல ஒரு கோடைலயே ரப்பர் வெடிச்சு உதிர்ந்துடும். ஹாட் வாட்டர் லைன்ல முதல் ஒரு மீட்டருக்கும் அதே. வென்ட் பைப்பை மூடி வெச்சா சூடு போகாதேன்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, அதை அடைச்சா தண்ணி இறங்கும்போது உள்ள வெற்றிடம் உண்டாகி டேங்க் நசுங்கிடும், சூடாகும்போது ஆவி போக வழியில்லாம வெடிக்கும்.

ட்யூப்புக்கு 15 புது ரிங்கும் போட்டு, மூணு புது ட்யூப் மாட்டி, விடிகாலைல தண்ணி நிரப்பி சாக்கை எடுத்தேன். அதே மாதிரி பச்சைத் தண்ணில ஆரம்பிச்ச ஒரு தெளிஞ்ச நாள்ல: காலைல 28, சாயங்காலம் 59, மறுநாள் காலைல 54. பகல்ல அஞ்சு டிகிரி கூட வந்திருக்கு, ட்யூப் அடி மணல், செத்த மூணு ட்யூப், பகல்லயே கசிஞ்ச ஈர பஃப்பும் வென்ட்டும்னு மூணு காரணத்துக்கும் தோராயமா ஆளுக்கு ஒன்றரை ரெண்டு டிகிரின்னு கணக்கு கிட்டத்தட்ட பொருந்துது. ராத்திரி அஞ்சு டிகிரி தான் இறங்குச்சு, 73 வாட், ஒரு டிகிரிக்கு ரெண்டே கால். காலைல கைக்கு வர்ற தண்ணி முன்னாடிய விட ஒன்பதரை டிகிரி அதிகம், அதுல பாதி கூட ட்யூப் பக்கம் சம்பந்தப்பட்டது இல்லை. 15 ட்யூப்பையும் மாத்திட்டு பஃபைத் தொடாம விட்டிருந்தா சாயங்காலம் சுடச்சுட வந்திருக்கும், காலைல மறுபடியும் அதே புலம்பல் தான்.

செலவு மூணு ட்யூப், ரிங் செட், பஃப் திரவம், தகடு, ரப்பர் குழாய், டேப் எல்லாம் சேர்த்து மெக்கானிக் சொன்ன ரேட்ல கால்வாசி கூட வரல, ஆனா என்னோட கூலிய இதுல சேர்க்கல.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. சிறுவாணித் தண்ணிய மாடிக்கு ஏத்தி சோலாருக்கு மட்டும் தனியா ஒரு சின்ன டேங்க் வெக்கணும், அது வரைக்கும் போர் தண்ணி வருஷா வருஷம் ட்யூப் அடில மணலை சேர்த்துக்கிட்டே தான் இருக்கும். நல்ல தண்ணிய குளிக்க வீணாக்கறதான்னு அப்பா ஒத்துக்கல, பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு. ஹீட்டர் ராடை மட்டும் கழட்டி பரண்ல போட்டாச்சு.